ஒரு பற்றறித் தூரம்

"மாமா, கொஞ்சம் மேலை பிடியுங்கோ. ஒண்டும் தெரியேல்லை."

கனடாவில் இருக்கும் என் மச்சாளின் குரல் இது. அப்பாவின் செத்தவீட்டன்று, உடுவிலில் எங்கள் வீட்டிலிருந்து சுடலை வரைக்கும் ஒரு மாமா கைத்தொலைபேசியைப் பிடித்தபடி பாடைக்குப் பின்னால் நடந்திருக்கிறார். மச்சாள் தன் வீட்டுச் சமையலறையில் இருந்து அதைப் பார்த்திருக்கிறாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அந்தப் பதிவை எனக்கும் அனுப்பியிருந்தாள்.

நான் வீட்டுவாசல் படலையில் நின்றவள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடை வெளிக்கிட்டதும் அழுதுகொண்டு, வீட்டு ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்புவரை போகலாம். பிறகு திரும்பி வந்து வீடு கழுவ வேண்டும். அப்பாவை எடுத்தபோது நான் அம்மாவைத் தாங்கிக்கொண்டு நின்றேன். பறைச் சத்தம் வளைவில் திரும்பியது. கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. யாரோ என் கையில் தண்ணீர் வாளியைத் தந்தார்கள்.

ஆக, கனடாவில் இருந்த மச்சாள் என் அப்பாவோடு சுடலை வரைக்கும் போயிருக்கிறாள். நான் போகவில்லை.

அந்தப் பதிவை முதல் மூன்று தடவையும் அழுகையோடு பார்த்தேன். நாலாவது தடவைதான் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஆண்களின் முதுகுகள். குடைகள். மாமாவின் பெருவிரல். ஒரு கட்டத்தில் வெறும் வானம். அப்பாவை எங்குமே காணவில்லை. அப்போதுதான் மச்சாளின் அந்தக் குரல் எனக்குள் இறங்கியது. மேலை பிடியுங்கோ. இன்னும் மேலை. மதிலுக்கு மேலே, மின்கம்பத்துக்கு மேலே பிடித்தால் படலையிலிருந்து சுடலை வரை முழுப் பாதையும் ஒரே படத்தில் விழும். அதை யாரும் சுமக்கத் தேவையில்லை. நான் படலையைத் தாண்டாமலே தாண்டலாம்.

நான் புவியியல் படித்தவள். ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு ட்ரோன் இருந்தது. வயல்களையும் குளங்களையும் மேலிருந்து படம் பிடித்து வரைபடமாக்குவதற்கென்று வாங்கி, முறையாகப் பதிந்து வைத்திருந்தார்கள். அதை இயக்கியவர் வேலையை விட்டுப் போனபின் அது அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தது. "நான் பழகட்டோ?" என்று கேட்டேன். "விழுத்தினியோ, உன்ரை சம்பளத்திலைதான்" என்றார் முதலாளி. ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். அவரும் அதற்குப் பிறகு சம்பளப் பேச்சை எடுக்கவில்லை.

பழகிய நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொக்குவிலுக்கு, பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியம்மா அம்மாவின் தமக்கை. பெரியப்பா தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எனக்கும் அண்ணைக்கும் அங்கே எப்போதும் இரண்டு மடங்கு சாப்பாடு. திரையில் தங்கள் கூரையை மேலிருந்து பார்த்த பெரியப்பா, "ஓடு மூண்டு உடைஞ்சிருக்கு, அதை விட்டிட்டு என்ரை மொட்டையைப் பிடிக்கிறாய்" என்றார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரையைக் கிட்டப் பார்த்துக்கொண்டு, "இதிலை சுடலை வரைக்கும் தெரியுமோ?" என்று கேட்டார். அப்பாவின் கதையை நான் சொன்னேன். "ஒரு நாள் ஆருக்காவது காட்டுவன் பெரியம்மா" என்றும் சொன்னேன். ஆருக்கு என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

வெயிலில் திரும்பத் திரும்பப் பறக்கவிட்டதில் அலுவலகத்து ட்ரோனின் பற்றறிகள் மூன்றும் வீங்கிப்போயின. வீங்கிய பற்றறியைப் பாவிக்கக்கூடாது, தீப்பிடிக்கும். கொழும்பில் புதியவை எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, சென்னையில் இரண்டு கிழமைப் பயிற்சி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். "வரேக்கை மூண்டு பற்றறி வாங்கி வா" என்றார் முதலாளி.

வாங்கினேன். விமானத்தில் கொண்டுபோகும் முறையையும் கரைத்துக் குடித்தேன். பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பக்கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றக்கூடாது, பாதியளவு போதும். உலோக முனைகளை ஒட்டுநாடாவால் மூட வேண்டும். ஒவ்வொன்றும் நூறு வாற்-மணிக்குக் குறைவாக இருக்க வேண்டும். என்னுடையவை எழுபத்தேழு. எல்லாம் சரி. கைப்பை ஏழு கிலோவுக்கு மேற்படக்கூடாது என்பதால் அட்டைப்பெட்டிகளை எறிந்துவிட்டு, பற்றறிகளை மட்டும் தனித்தனிப் பைகளில் போட்டு வைத்தேன்.

இத்தனையும் தெரிந்த நான்தான் அவற்றைப் பிள்ளையார் கோயிலுக்கும் கொண்டுபோனேன்.

அப்பா புதுச் சாமான் எதையும் அப்படித்தான் செய்வார். சைக்கிள், தண்ணீர்ப் பம்பி, என் முதல் மடிக்கணினி எல்லாம் பிள்ளையாரிடம் போய்ச் சந்தனம் வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கின. மடிக்கணினியின் மூலையில் அந்தச் சந்தனத்தின் மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது அப்பாவின் வேலை, இப்போது செய்ய ஆளில்லை, அதனால் நான் செய்தேன். தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துக் கோயிலில், வெள்ளிக்கிழமை பின்னேரம், பற்றறிகளைத் தட்டில் வைத்தேன். ஐயர் சந்தனத்தைக் குழைத்தெடுத்தபோது என் படிப்பு விழித்துக்கொண்டது. "ஐயா, முனையில படக்கூடாது. இந்தப் பக்கம் பூசுங்க" என்று மற்றப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் அகலமாகப் பூசிக் குங்குமமும் வைத்தார். மூன்றாவதுக்கு வரும்போது சந்தனம் தீர்ந்துபோயிற்று. விரலில் மிஞ்சியதை மூலையில் ஒற்றிவிட்டார். விபூதியும் பூவும் ஒரு தாளில் மடித்துத் தந்தார். அதையும் பற்றறிப் பைக்குள்ளேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவின் அழைப்பு வந்தது. பெரியப்பா கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் முடிந்துவிட்டது. அம்மாவின் கையிலிருந்து பெரியம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை, எப்ப வாறாய்?"

"நாளைக்குக் காலமை பிளைட், பெரியம்மா. மத்தியானத்துக்கு முன்னம் அங்கை நிப்பன்."

"மூண்டு மணிக்கு எடுக்கினம். கொள்ளி உன்ரை அண்ணைதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ ஆருக்காவது காட்டுவன் எண்டு சொன்னனீ எல்லே?"

"ஓம் பெரியம்மா."

"அப்ப எனக்குக் காட்டு."

அண்ணையை அழைத்து, காலையிலேயே அலுவலகத்துக் கடிதத்தோடு பொலிசுக்குப் போய், பறக்கவிடுவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னேன். அவர் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

மறுநாள், விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் என் பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போய் அங்கேயே நின்றது. பிறகு வேறு பக்கமாக வெளியே வந்தது. சீருடைப் பெண் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். என் அம்மாவின் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். காய்ந்த சந்தனம் செதிலாகக் கொட்டியது.

"என்னம்மா இது, பேட்டரிக்குப் பூஜை போட்டிருக்கீங்க?"

"புதுசு. அதாலை கோயிலுக்குக் கொண்டுபோனனான்."

"நல்ல விஷயம்தான்." தாள் மடிப்பைப் பிரித்தார். விபூதி, வாடிய பூ. அவற்றுக்கு நடுவே, நான் பார்க்கவே பார்க்காத இரண்டு கற்பூரக் கட்டிகள். அவர் அதை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "லித்தியம் பேட்டரி, பக்கத்துல கற்பூரம். இதுக்கும் மேல என்ன வேணும்? தீப்பெட்டி மட்டும்தான் பாக்கி."

கற்பூரத்தை அவர் தனியே ஒதுக்கினார். அது போனால் போகட்டும். அடுத்ததுதான் விஷயம்.

"இதுல எத்தனை வாட்-அவர்னு எங்க எழுதியிருக்கு?"

நான் பற்றறியைத் திருப்பினேன். சந்தனத்துக்குக் கீழே. முனையில் படாமல் காப்பாற்றுகிறேன் என்று நான் ஐயருக்குத் திருப்பிக் காட்டிய பக்கம் அதுதான்.

ஈரத்தாள் வாங்கித் துடைத்தேன். சந்தனம் வந்தது. சந்தனத்தோடு எழுத்தும் வந்தது. மலிவு என்று வாங்கிய மாற்றுத் தயாரிப்பு, மை நிற்கவில்லை. இரண்டாவதை இன்னும் மெதுவாகத் துடைத்தேன். அதுவும் வெறும் சாம்பல் நிறமாயிற்று. மூன்றாவதில் மட்டும் மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு, அதற்குப் பக்கத்தில் எழுபத்தேழு என்ற இலக்கம் தெளிவாக இருந்தது.

நான் கணக்குச் சொன்னேன். பதினைந்து தசம் நாலு வோல்ற், ஐந்து அம்பியர்-மணி, பெருக்கினால் எழுபத்தேழு. மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறை, தூக்கிப் பாருங்கள் என்றேன். பற்றுச்சீட்டைக் காட்டினேன். அதில் 'பேட்டரி மூன்று' என்று மட்டும்தான் இருந்தது. வேகமாகக் கதைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் ஒரு சொல்லுக்கும் குறுக்கே வராமல் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா எழுத்து இல்லாதத நான் விட முடியாதும்மா. எழுத்து இருக்கறது போகட்டும். மத்த ரெண்டும் இங்கதான்."

சொல்லக்கூடாது என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். "என்ரை பெரியப்பா செத்திட்டார். இண்டைக்கு மூண்டு மணிக்கு எடுக்கினம். பெரியம்மா சுடலைக்குப் போகேலாது. இதாலை அவவுக்குக் காட்டவேணும்."

அவர் "எங்க ஊர்லயும் போகக்கூடாதுதான்" என்றார். பிறகு அந்த வெறும் பற்றறி ஒன்றைக் கையில் எடுத்தார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. மேல போனப்புறம் புகை வந்துச்சுன்னா, அந்த பிளேன்ல எத்தனை பேர் இருக்காங்க பாருங்க. அத்தனை வீட்லயும் மூணு மணிக்கு எடுக்கணும்."

இரண்டு பற்றறிகளும் ஒரு பெட்டிக்குள் போயின. படிவத்தில் கையெழுத்து வைத்தேன். மூன்றாவதை அவரே என் பையில் வைத்து, விபூதித் தாளைத் திரும்ப மடித்து அதற்கு மேல் வைத்தார்.

சின்ன விமானம். சிறகுக்குப் பக்கத்து இருக்கை. மடியில் பையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு பற்றறி, காற்று இருந்தால் இருபது நிமிடம். பெரியம்மா வீட்டிலிருந்து சுடலை, வெறுமனே நடந்தால் இருபத்தைந்து நிமிடம். பாடையோடு, பறையோடு, வெடியோடு என்றால் நாற்பதும் ஆகும். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது. கீழே கடல் முடிந்து செம்மண் தோட்டங்கள் தெரிந்தபோது, பலாலி விமான நிலையத்தில் இறங்கப்போகிறோம் என்றார்கள். அங்கே சுங்கத்தில் அலுவலகக் கடிதத்தைப் பார்த்து, பற்றறியைப் புரட்டிப் பார்த்து, மஞ்சள் பொட்டைப் பார்த்து, போக விட்டார்கள்.

அண்ணை மோட்டார் சைக்கிளோடு வெளியே நின்றார். "வாங்கிட்டன்" என்று பொலிஸ் கடிதத்தைச் சட்டைப்பையில் தட்டிக் காட்டினார். "எத்தினை பற்றறி?"

"ஒண்டு."

"மூண்டு எண்டாய்."

"வழியிலை சொல்லுறன்."

சொன்னேன். கேட்டபடியே வசாவிளானைத் தாண்டி ஓட்டினார். பிறகு, "அப்பா இருந்திருந்தா மூண்டுக்கும் வடிவாப் பூசுவிச்சிருப்பார், ஒண்டும் வந்திராது" என்றார். அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்குப் போனதும் முதலில் பற்றறியைச் சார்ஜில் போட்டேன். அதற்குப் பிறகுதான் பெரியப்பாவிடம் போனேன். அது என்னை இன்னும் உறுத்துகிறது. கூடத்தில் வேட்டி சால்வையோடு கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் பெரியம்மா. நான் கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் அவருடைய காதுக்குள் சொன்னேன்.

"பெரியம்மா, ஒரு பற்றறிதான் வந்தது. பாதித் தூரம்தான் காட்டலாம். தொடக்கத்தைக் காட்டட்டோ, இல்லாட்டிச் சுடலைப் பக்கத்தைக் காட்டட்டோ?"

ஐயர் கூப்பிட, பெரியம்மா எழுந்து போய்ப் பெரியப்பாவின் தலையில் எண்ணெய் வைத்தார். சடங்குக்கான பொற்சுண்ணத்தை உரலில் இடித்தார். எல்லாம் முடிந்து திரும்பி வந்து, நான் நின்ற இடத்திலேயே என்னைப் பிடித்தார்.

"படலையிலையிருந்து பிடி. நான் விட்ட இடத்திலையிருந்து பாக்கவேணும். முடியிற இடத்திலை முடியட்டும்."

மூன்று மணி பத்துக்குப் பாடை வெளிக்கிட்டது. படலைக்கு வெளியே பெண்கள் நின்றோம். வழக்கமாக அழுதுகொண்டே திரும்ப வேண்டிய இடம். நான் மதிலோரம் நிலத்தில் ட்ரோனை வைத்து எழுப்பினேன். இலைகளும் தூசியும் பறந்தன. ஒரு மாமி தலையில் கைவைத்துக் குனிந்து, "உந்த வண்டு எங்களுக்கு மேலை விழாதோ?" என்றார். அது முருங்கைக்கு மேலே, கம்பிகளுக்கு மேலே போய் நின்றது. பெரியம்மாவைக் கதிரையில் இருத்தி, திரையை அவருடைய மடியில் சாய்த்துப் பிடித்தேன்.

மேலிருந்து பார்க்கும்போது சத்தமில்லை. பாடையின் வெள்ளைத் துணியும் பூவும் ஒழுங்கையின் நடுவே மெதுவாக நகர்ந்தன. சுற்றி வெள்ளை வேட்டிகள். முன்னால் கொள்ளிச்சட்டியோடு வெற்று மேலாய் அண்ணை. பறைச் சத்தம் எங்களுக்கு ஒழுங்கைப் பக்கமிருந்து வேறாகக் கேட்டது, படத்தோடு பொருந்தாமல்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கதிரைக்குப் பின்னால் கூடினார்கள்.

"ஆர் உவன், போன் கதைச்சுக்கொண்டு போறவன்?"

"மேற்காலை வீட்டு மாப்பிளை."

"உங்கை பார், உங்கை பார். என்ரை மனுசன் கடைக்குள்ளை போறார். சுடலைக்குப் போறன் எண்டு வேட்டி கட்டின ஆள்."

"சோடா குடிக்கப் போறாராக்கும்."

"வரட்டும். சோடா குடுக்கிறன்."

சிரிப்பு வந்து அடங்கியது. பெரியம்மா சிரிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. "தலைமாட்டுப் பக்கம் தூக்கிறது ஆர்?" என்று மட்டும் கேட்டார். தபால் கந்தோரில் பெரியப்பாவோடு வேலை செய்தவர் என்றேன். "அவருக்கு முழங்கால் ஏலாது. மாத்தச் சொல்லு" என்றார். நான் பக்கத்தில் நின்ற மாமியிடம் சொல்ல, அவர் தன் மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். திரையில் ஊர்வலம் ஒரு கணம் நின்றது. ஒரு வெள்ளைச் சட்டை விலகியது, இன்னொன்று வந்தது. பெரியம்மா கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

பதினோராவது நிமிடம் ரயில் கடவை. கடவையின் தடி விழுந்திருந்தது. பாடையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். என் ட்ரோனும் அவர்களுக்கு மேலே நின்றது. நிற்பதற்கும் பற்றறி செலவாகும். ரயிலைக் காணவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. நான் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு. நீல நிற ரயில் திரையை நெடுக்காக வெட்டிக்கொண்டு போய் முடிந்தபோது முப்பத்து மூன்று.

"உதென்ன கீய்க் கீய் எண்டு சத்தம்?"

"பற்றறி குறையுது, பெரியம்மா. திருப்பவேணும்."

"இன்னும் கொஞ்சம்."

தடி எழும்பியது. பாடை தண்டவாளத்தைத் தாண்டியது. அண்ணை கொள்ளிச்சட்டியைக் கைமாற்றியதைப் பார்த்தோம். அதற்கு மேல் விட்டால் ட்ரோன் யாரோ ஒருவருடைய தலையில்தான் இறங்கும். அந்தச் சீருடைப் பெண்ணின் முகம் வந்து போனது. நான் திருப்பினேன். வெள்ளைத் துணி திரையின் கீழ் விளிம்புக்குப் போய், மெலிந்து, இல்லாமல் போயிற்று.

ட்ரோன் இறங்கியபோது ஏழு வீதம் மிச்சம். பற்றறி சுட்டது. மூலையில் இருந்த மஞ்சள் பொட்டு வியர்வையில் கரைந்து என் விரலில் ஒட்டியது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ பெரியம்மா" என்றேன்.

அவர் "திருப்பிப் போடு" என்றார். பதிவைப் போட்டேன். கடவை வந்ததும், "நிப்பாட்டு." பிறகு திரையில் விரலை வைத்தார். கடவைக்கு அங்கால் ஒரு பாதை போய், ஒரு பனங்கூடலுக்குப் பக்கத்தில் வலப்பக்கம் திரும்பியது.

"இதாலை போய்த் திரும்பினா வருமோ?"

"ஓம். அதிலையிருந்து கொஞ்சத் தூரம்தான்."

"முழுக்க எவ்வளவு நேரம், நடந்தா?"

"சும்மா நடந்தா இருபத்தைஞ்சு நிமிசம்."

"இருபத்தைஞ்சு நிமிசம்" என்று அவர் திரும்பச் சொன்னார். கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கடவையைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லை. சந்தை இந்தப் பக்கம், கோயில் இந்தப் பக்கம்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வீடு கழுவவேணும், வாங்கோ. பொழுது போகுது."

பெரியம்மா எழும்பவில்லை. "நாளைக்குக் காடாத்து எல்லே?"

சாம்பல் அள்ளுவதற்கு மறுநாள் காலையில் போவார்கள். ஆண்கள்தான். "ஓம்" என்றேன்.

"நான் போறன்."

மாமி கதிரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அக்கா, பொம்பிளையள் போறேல்லை. ஆக்கள் கதைப்பினம்."

"கதைக்கட்டும். நான் கொள்ளி வைக்கக் கேக்கேல்லை. சாம்பலாப் போனவரைப் பாக்கத்தான் போறன்."

"ஐயர் என்ன சொல்லுவாரோ தெரியாது."

"கேட்டாத்தானே சொல்லுவார்."

நான் பற்றறியின் முனைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "இதை இப்ப சார்ஜிலை போடுறன் பெரியம்மா. நாளைக்கு இங்கையிருந்தே முழுக்கக் காட்டலாம். ஆக்கள் குறைவு, கெதியா நடப்பினம், காலமை காத்தும் குறைவு, ஒரு பற்றறி காணும்" என்றேன். அது நல்ல யோசனை என்றுதான் அந்தக் கணத்தில் எனக்குப் பட்டது.

பெரியம்மா திரையை என் கையில் திருப்பித் தந்தார். எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தார்.

"அதை வைச்சிட்டு நீ வா. விடிய ஆறரைக்கு. கடவைக்கு அங்காலை தார் இல்லை, கல்லு ரோட்டு, பாத்தனான். செருப்பைப் போட்டுக்கொண்டு வா."